ஆர். ஆனந்தி

"பி. ஆனந்தி மேடம்கிட்டப் பேசணுமா, ஆர். ஆனந்தி மேடம்கிட்டப் பேசணுமான்னு தெரியலைங்க. ரெண்டு பேர்ல யாரு இருந்தாலும் குடுங்க."

போனில் ஒரு ஆண் குரல் இப்படிக் கேட்டதும் ஆனந்திக்குச் சிரிப்பு வந்தது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பேக்கரிக்கு மேலே ஒற்றை அறையில், ஊர் ஓட்டல்களுக்கு மெயில் சர்வர் நடத்திக் கொடுக்கிற கடை அது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர், ரெண்டு கம்ப்யூட்டர், அடிக்கொரு தரம் கத்துகிற ஒரு யு.பி.எஸ். ஜன்னலைச் சாத்த மறந்தால் மேகம் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். இதில் ரெண்டு ஆனந்திக்கு எங்கே இடம்?

"இங்க ஒரே ஒரு ஆனந்திதாங்க. பி. ஆனந்தி. நான்தான் பேசுறேன், சொல்லுங்க."

"அப்படிங்களா? நான் பெங்களூர்லேர்ந்து நல்லசாமி பேசுறேன்."

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

நல்லசாமி கம்பத்துக்காரர். பெங்களூரில் ஊர்ப்பட்ட கம்பெனிகளுக்கு மெயில் சர்வர் நடத்திக் கொடுக்கிற ஒரு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தார். அவள் அவரை நேரில் பார்த்ததில்லை. மெயில் சர்வர் ஆட்கள் ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுக்கொள்கிற ஒரு இணையக் குழுவில் பழக்கம். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு ஆனந்தி ஒரு முழுப் பக்கத்துக்குப் பதில் எழுதியிருந்தாள். அந்தப் பதிலில் இருந்தது அவள் சொந்தமாக யோசித்துக் கட்டிய வேலை.

அந்தக் காலத்தில் பாதி இடங்களில் மெயில் சர்வர் என்றால் ஒரு கோப்பு. எந்த முகவரிக்கு வருகிற கடிதம் எந்தப் பெட்டியில் விழ வேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதி வைப்பார்கள். ஒரு ஓட்டலில் ஒரு ஆள் மாறினாலும் கோப்பைத் திறந்து திருத்த வேண்டும். திருத்துகிறபோது ஒரு புள்ளி தவறினால் ஊர் முழுக்க மெயில் நின்றுபோகும். பிறகு ஊர் முழுக்கத் திட்டும். ஆனந்தி அந்தக் கோப்பைத் தூக்கிக் கடாசினாள். எல்லா முகவரியையும் ஒரு டேட்டாபேஸில் போட்டாள். கடிதம் ஒன்று வந்து நிற்கிறபோதெல்லாம் சர்வர் டேட்டாபேஸைக் கேட்கும், அது கைகாட்டுகிற பெட்டியில் கொண்டுபோய்ப் போடும். அதோடு விட்டாளா? அனுப்புகிற ஆளைப் பார்த்தும் கடிதத்தைத் திருப்பிவிடலாம் என்று ஒரு வசதியைச் சேர்த்தாள். ஓட்டல் மேனேஜருக்கு வருகிற கடிதங்களில் டிராவல்ஸ்காரர் அனுப்புவது மட்டும் நேராக புக்கிங் மேஜைக்குப் போகும். மேனேஜருக்கு அது வந்ததே தெரியாது. குறிஞ்சி பூத்து, கொடைக்கானலில் ஒரு கட்டில்கூடக் கிடைக்காமல் ஜனங்கள் அலைந்த அந்த வருஷத்தில் ஓட்டல்காரர்கள் இதற்காக அவளைக் கும்பிடாத குறை.

இதைச் செய்யக் கட்டளைகளைத் தட்டிச் சர்வரை ஓட்டுகிற கறுப்புத் திரையைத் தொடவே வேண்டாம். அட்மின் பக்கத்தில் மூன்று கட்டம். யார் அனுப்பினால், யாருக்கு என்றால், எந்தப் பெட்டியில். நிரப்பிவிட்டு ஒரு பட்டனை அமுக்கினால் முடிந்தது.

அந்த அட்மின் பக்கத்தை அவள் செய்ததே புருஷன் ராஜேஷ்குமாருக்காகத்தான். அவன் பழனிக்காரன். அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். பேச்சில் ஆளை மயக்கிவிடுவான். கறுப்புத் திரையைக் கண்டால் மட்டும் எழுந்து போய்விடுவான். ஆனந்தி பக்கத்து ஊர் பேத்துப்பாறைக்காரி. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து காரட்டுக்கும் பீன்ஸுக்கும் களை எடுத்துப் பிழைத்த குடும்பம். தன் வீட்டில் ஒருத்தர்கூடச் சம்மதிக்காமல், தாலி கட்டும்போது கூட நிற்கத் தன் பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாமல் அவளைக் கட்டிக்கொண்டவன் அவன். அந்த நன்றி அவளுக்கு எப்போதும் உண்டு. சர்வர் அவள் சோலி, அட்மின் பக்கமும் வாடிக்கையாளரும் அவன் சோலி என்று பிரித்துக்கொண்டார்கள். பாஸ்வேர்ட் இருவரிடமும் இருந்தது.

வருஷத் தொடக்கத்தில் நல்லசாமி குழுவில் எழுதினார்: "இந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும். முறைப்படி உங்களுக்குக் கடிதம் வரும்." ஆனந்தி அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து குதித்தாள். ராஜேஷ்குமார் அவளை ஏழு ரோடு சந்திப்பு வரை கையைப் பிடித்தபடி நடத்திக் கூட்டிப்போய்ச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். "போயிருவோம் ஆனந்தி. நீ வேலைக்குப் போ. நான் அங்கயே ஒரு கடையைப் போடுறேன்" என்றான்.

கடிதம் வரவில்லை. மார்ச் போனது, சீசன் வந்து போனது, வரவில்லை. "எங்கயாச்சும் தடுத்துக் கெடக்கான்னு அட்மின் பக்கத்துல பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஒண்ணு விடாமப் பாத்துட்டேன், ஒண்ணுமே வரலை" என்றான். அவன் பார்த்துவிட்டேன் என்றதால் அவள் பார்க்கவில்லை. நாமே எழுதிக் கேட்போமா என்றாள். "வேண்டாம் புள்ள, நாமளாப் போய்க் கேட்டா எளக்காரமாப் போயிரும்" என்றான். நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் அடக்க முடியாமல் அழுதுவிட்டாள். ராஜேஷ்குமார் அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஆளு விட்டு விசாரிச்சிருப்பாங்க. சிலோன்லேர்ந்து வந்தவங்க, பேத்துப்பாறையில கூலி வேலைன்னு தெரிஞ்சிருக்கும். பெரிய எடத்துல அதெல்லாம் பாப்பாங்க. நீ மனசுல வச்சுக்காத."

அவள் மனதில் வைத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அம்மாவைப் பற்றி ஒரு நாளும் வெட்கப்படாதவள், அதற்குப் பிறகு வெட்கப்பட்டாள். ஒரு பை நிறையக் காரட்டோடு அம்மா பெருமாயி மூச்சு வாங்கப் படியேறி வந்தபோது, உள்ளே வாடிக்கையாளர் இருக்கிறாரே என்று, "இங்கெல்லாம் எதுக்கு ஏறி வர்றே, கீழ பேக்கரியில நில்லு, வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பெருமாயி பையை வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

இத்தனைக்கும் பிறகுதான் இப்போது நல்லசாமி பேசுகிறார்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"நீங்க ரெண்டு தடவை வேண்டாம்னு எழுதிட்டீங்க. மறுபடி தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். இன்னொரு எடம் காலியாகியிருக்கு. கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாப்போமேன்னு போன வாரம் எழுதினேன். அது நாலஞ்சு நாள் முட்டிப் பாத்துட்டு இன்னிக்கு வெள்ளனே திரும்பி வந்துருச்சு. பெட்டி நெறஞ்சிருக்குன்னு. அதுகூடப் பரவாயில்லை. நான் எழுதினது பி. ஆனந்திக்கு. நெறஞ்சு போனது ஆர். ஆனந்தி பெட்டி. பி. ஆனந்தி முகவரியிலேர்ந்து அங்க திருப்பிவிட்டதுன்னு உங்க சர்வரே எழுதி அனுப்பியிருக்கு. நம்ம தொழில் இதுதானே, கண்ணுல பட்டுருச்சு. அதான் போன் போட்டேன்."

வேண்டாம் என்று எழுதினேனா? நானா? நாக்கு நுனி வரை வந்த கேள்வியை ஆனந்தி விழுங்கினாள். ஏன் விழுங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"கொஞ்ச நேரத்துல நானே கூப்பிடுறேங்க."

"வெரசாக் கூப்பிடுங்க மேடம். சாயங்காலம் எங்க ஆளுக உக்காந்து முடிவு பண்றாங்க. ரெண்டு தடவை மறுத்தவங்களை எதுக்குத் திரும்பக் கூப்பிடுறேன்னு மேல இருக்கிறவர் என்னைப் புடிச்சு வாங்குறார். நீங்க ஒரு காரணம் சொன்னீங்கன்னா எனக்குப் பேச முடியும். இல்லைன்னா இதோட விட்டுருவாங்க."

போனை வைத்துவிட்டு அட்மின் பக்கத்தைத் திறந்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. அவள் கட்டிய மூன்று கட்டம், அவள் வைத்த பட்டன். யார் அனுப்பினால்: அந்த பெங்களூர் கம்பெனியிலிருந்து எவர் அனுப்பினாலும். யாருக்கு என்றால்: பி. ஆனந்தி. எந்தப் பெட்டியில்: ஆர். ஆனந்தி. அப்படி ஒரு பெட்டியை அவள் உண்டாக்கவில்லை. உண்டாக்கியவனுக்கு அதன் கொள்ளளவைக் கூட்டி எழுதத் தெரியவில்லை. எழுதாமல் விட்டால் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளும்படி டேட்டாபேஸில் வைத்திருந்தவள் ஆனந்தி. அந்தக் கம்பெனி மாதாமாதம் அனுப்பும் படம் போட்ட செய்தி மடல்களே அந்தச் சின்னப் பெட்டியை அடைத்திருந்தன.

சர்வரில் அவளுக்குப் பூட்டிய கதவு எது? பெட்டியைத் திறந்து படித்தாள்.

நல்லசாமியின் முதல் கடிதம் அவர் சொன்ன வாரத்திலேயே வந்திருந்தது. பஜ்ஜி தின்ற வாரம். அதற்கு ஆர். ஆனந்தி அழகான ஆங்கிலத்தில் பதில் எழுதியிருந்தாள். தங்கள் அன்புக்கு நன்றி, என் கணவருக்கும் எனக்கும் இங்கே நல்ல தொழில் அமைந்திருக்கிறது, குடும்பத்தை விட்டுவர எனக்கு விருப்பமில்லை. நல்லசாமி விடவில்லை. சீசன் நேரத்தில் இரண்டாவது கடிதம். பெங்களூருக்கு வரத்தான் கஷ்டம் என்றால் வர வேண்டாம், கொடைக்கானலிலேயே இருந்துகொண்டு, உங்கள் கடையையும் பார்த்துக்கொண்டு செய்யுங்கள், எப்போதாவது ஒரு முறை வந்து போனால் போதும்.

இதற்கும் பதில் போயிருந்தது. அதைத்தான் ஆனந்தி திரும்பத் திரும்பப் படித்தாள். எனக்கு இந்த விஷயங்களில் பெரிய ஈடுபாடு கிடையாது. தாங்கள் பாராட்டுகிற அந்த முறையை யோசித்தது உண்மையில் என் கணவர்தான். நான் உதவிக்கு இருந்தேன். தங்களுக்குத் தேவை என்றால் அவரைத் தொடர்புகொள்ளலாம். கீழே கையெழுத்து, திருமதி ஆர். ஆனந்தி ராஜேஷ்குமார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. கீழே பேக்கரியில் யாரோ ரொட்டி கேட்பது எங்கோ அடுத்த மலையில் கேட்பது போலக் கேட்டது. வேலை போனதைக்கூட மனம் அப்போது நினைக்கவில்லை. அவன் தலையைத் தடவியதைத்தான் நினைத்தது. இந்தப் பதிலை எழுதி அனுப்பிய கை அது. அதே கையால் தடவிக்கொண்டுதானே உன் பிறப்புத்தான் காரணம் என்றான். அதையும் நம்பி, பெற்றவளைப் படியில் நிறுத்தியிருக்கிறாள். சே, என்ன மடத்தனம். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஆர் என்ற அந்த எழுத்து ஒரு பழைய கதை. கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்க ராஜேஷ்குமார் உட்கார்ந்திருந்தான். கல்யாணமானால் பெண்ணுக்கு அப்பன் எழுத்துப் போய்ப் புருஷன் எழுத்து வருவது ஊர் வழக்கம். "ஆர். ஆனந்தி" என்று சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினான். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெருமாயி நிமிர்ந்து, "ஆரு ஆனந்தியா? அட கொடுமையே, எம்மகளைப் பாத்து ஆருன்னு கேக்குறாகளே!" என்றாள். தோட்டத்து ஆட்களுக்கு யார் என்பது ஆருதான். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் ஆனந்தி சொன்னாள்: "அப்பா எழுத்தே இருக்கட்டுங்க. பெரியண்ணன் மக பி. ஆனந்தி. ஆருன்னு யாரும் கேக்க மாட்டாங்க." அப்பா பெரியண்ணன் அப்போதுதான் இறந்திருந்தார். "உனக்கு எது புடிக்குதோ அப்படியே வச்சுக்க" என்று ராஜேஷ்குமார் எழுதியதை அடித்தான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வீட்டில் அதற்குப் பிறகு அது ஒரு விளையாட்டுப் பேச்சாகிப்போனது. ஆனந்தி கோபித்துக்கொண்டால், "ஆரு ஆனந்தியா?" என்பான், சிரித்துவிடுவாள்.

அடித்த பேருக்கு அவன் சர்வரில் உயிர் கொடுத்து வைத்திருக்கிறான். எதற்கும் ஆசைப்படாத, புருஷனைப் புகழ்ந்து எழுதுகிற ஒரு பெண்டாட்டி. அவன் மனசுக்குப் பிடித்தவள் அவள்தான் போலிருக்கிறது.

ராஜேஷ்குமார் நனைந்த குடையை வாசலில் உதறிக்கொண்டே வந்தான். ஏரிக்கரை ஓட்டலில் மூன்று புது மெயில் பெட்டி ஏற்பாடு செய்துவிட்டு வருகிற உற்சாகம். கையில் வறுத்த கடலைப் பொட்டலம்.

"இந்தா புள்ள, சூடாக் கெடக்கு, தின்னு."

"ஏங்க, ஆர். ஆனந்தி யாருங்க?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "ஆரு ஆனந்தியா? என்னடி, இன்னிக்கு உங்கம்மா பேச்சை நீயே ஆரம்பிக்கிறே?"

அவள் சிரிக்கவில்லை. திரையைத் திருப்பி வைத்தாள். அவன் கண் அதில் போய் நின்றதையும், நின்ற இடத்தில் மூன்று கட்டத்தையும் அடையாளம் கண்டுகொண்டதையும், பொட்டலத்தை மேஜையில் வைக்க இடம் தேடியதையும் ஆனந்தி விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா?"

செய்தது ஏன் என்று ஒரு வார்த்தை வரவில்லை பாருங்கள். யாரு சொன்னா என்பதுதான் முதல் கேள்வி.

"சர்வர் சொல்லுச்சு. அது இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிரும்."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வாடிக்கையாளரிடம் பேசுகிற இதமான குரலை எடுத்துக்கொண்டான். "இங்க பாரு ஆனந்தி. நீ போயிருவியோன்னு பயந்துட்டேன். எங்க வீட்டை விட்டுட்டு உன்னை நம்பி வந்தவன் நான். நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? பயத்துல செஞ்சது."

ஒரு நிமிஷம் அவளுக்கு மனது இளகத்தான் செய்தது. பயத்தில் செய்தது என்றால் மன்னிக்கக்கூட இடமிருக்கிறது.

"சரி, முதல் லெட்டருக்குப் பயந்தீங்க. ரெண்டாவது லெட்டர்ல இங்கயே இருந்து செய்யச் சொல்லியிருக்காரே. அதுக்கு எதுக்குங்க பயந்தீங்க?"

அவன் கடலைப் பொட்டலத்தைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"அதை யோசிச்சது என் புருஷன்தான்னு எழுதியிருக்கீங்களே. அதுவும் பயத்துல எழுதினதா?"

இதமான குரல் போய்விட்டது. "ஆமா எழுதினேன். அதுக்கென்ன இப்ப? நீ வேலைக்குப் போனா என்ன, நான் போனா என்ன, வீடு ஒண்ணுதானே? எந்த ஓட்டலுக்குப் போனாலும் ஆனந்தி மேடம் வரலையா, ஆனந்தி மேடம் வரலையான்னுதான் கேக்குறான். நான் என்ன, மேடத்துக்குக் குடை புடிக்க வந்தவனா? புருஷன் எழுத்தைப் போட்டுக்கோன்னா அதுவும் மாட்டேங்கிறே. அன்னிக்கு நீயும் உங்கம்மாவும் சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு."

"நீங்களும்தானே சிரிச்சீங்க?"

"சிரிக்காம? தொங்கப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்றியா மூஞ்சியை?"

ஆனந்தி அவனையே பார்த்தாள். அந்த விளையாட்டுப் பேச்சை அவன் எத்தனை முறை சொல்லியிருப்பான், அவள் எத்தனை முறை அதற்குச் சிரித்திருப்பாள். ஒரு முறைகூட அவன் விளையாடவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"எங்கம்மாவை நான் படியேற விடலை. நீங்க சொன்னதை நம்பி."

"அது நான் செய்யச் சொன்னேனா?"

அவள் போனை எடுத்தாள். ராஜேஷ்குமார் எட்டி அவள் கைமேல் கை வைத்தான்.

"என்னன்னு சொல்லப் போறே?"

"நடந்ததை."

"சொல்லு. நல்லாச் சொல்லு." அவன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். "அவன் உன்னை எதுக்குக் கூப்பிடுறான்? ஆயிரம் கம்பெனி மெயிலைப் பாதுகாக்கிறதுக்கு. உன் சர்வர்ல, நீ கட்டின அட்டவணையில, உன் மெயிலே இத்தனை மாசமா வேற பெட்டிக்குப் போயிருக்கு, உனக்குத் தெரியலை. இதைக் கேட்டப்புறமும் உன்னைக் கூப்பிடுவானா? வேண்டாம்னு எழுதினது நான்தான், இப்ப மனசு மாறிட்டேன்னு சொல்லு. வேலையாவது கெடைக்கும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் தொழிலை அவள்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எங்கே அடித்தால் வலிக்கும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான். மனசு மாறிவிட்டது என்று ஒரு பொய். அதைச் சொன்னால் வேலை ஏறக்குறைய கைக்கு வந்த மாதிரி. ஆனால் அந்த இரண்டு கடிதமும் அவள் எழுதியதாக ஆகிவிடும். அந்த முறையை யோசித்தது கணவர்தான் என்பதும் அவள் வாக்குமூலமாகிவிடும். அப்புறம் ஆர். ஆனந்தி சாகவே மாட்டாள். அவளுக்குப் பதிலாக இவள் பெங்களூருக்குப் போய் வேலை பார்க்க வேண்டியதுதான்.

எண்ணைச் சுற்றினாள். இரண்டாவது மணியிலேயே நல்லசாமி எடுத்தார்.

"சொல்லுங்க மேடம்."

"சார், அந்த ரெண்டு பதிலும் நான் எழுதினதில்லைங்க. என் வீட்டுக்காரர் எழுதினது. உங்க கம்பெனிலேர்ந்து எனக்கு வர்ற லெட்டரையெல்லாம் அவரே ஒரு பெட்டி உண்டாக்கித் திருப்பி விட்டிருக்கார். நீங்க எழுதினது எதுவுமே என் கண்ணுல படலை. அந்த முறையை யோசிச்சதும் கட்டினதும் நான் மட்டும்தான். எனக்கு இந்த வேலை வேணுங்க."

சொல்லி முடித்தபின் குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

பிறகு நல்லசாமி தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், தப்பா எடுத்துக்கக் கூடாது. மேல இருக்கிறவர் இதைத்தான் மொதல்ல கேப்பார். உங்க சர்வர் உங்க கையில. லெட்டர் வந்ததும் போனதும் எல்லாம் அங்க பதிவாகியிருக்கும். இத்தனை மாசம் எப்படி உங்களுக்குத் தெரியாமப் போச்சு?"

ராஜேஷ்குமார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேள்வி அவனுக்குக் கேட்டிருக்காது. அவள் முகத்திலிருந்து ஊகித்திருப்பான். கடலை ஒன்றை எடுத்து உடைத்தான்.

ஆனந்தி அவனைப் பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்.

"அட்மின் பாஸ்வேர்ட் ரெண்டே பேருகிட்டத்தான் இருந்துச்சுங்க. ஒருத்தி நான். இன்னொருத்தர்கிட்ட, பாத்தீங்களான்னு கேட்டேன், பாத்துட்டேன்னார். அதுக்கு மேல போய்த் தோண்டிப் பாக்கணும்னா அவரைத் திருடன்னு நெனச்சிருக்கணும். கட்டுன புருஷனை அப்படி நெனைக்க எனக்கு வரலைங்க. அது தப்புன்னா, தப்புத்தான். இதையே அப்படியே அவர்கிட்டச் சொல்லுங்க."

கடலைத் தோல் அவன் கையிலேயே நின்றது.

நல்லசாமி பெருமூச்சு விட்டார். "இதுக்கு அவர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியலை மேடம். வேலை உண்டுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது. ஆனா நேர்ல வாங்க. திங்கக்கிழமை வாங்க. நானே உக்காந்து பேசுறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அந்த பாஸ்வேர்டை மாத்திருங்க."

"மாத்தலைங்க. நான் இங்கேர்ந்து கெளம்புறேன், அது அவர்கிட்டயே இருக்கட்டும்."

போனை வைத்தாள். நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கம்ப்யூட்டர் மேஜையில் தன் சான்றிதழ்களைப் பதிந்து வைத்திருந்த சீடியைத் தேடி எடுத்துப் பையில் வைத்தாள். வேறு எதையும் எடுக்கவில்லை. பேத்துப்பாறைக்கு மத்தியான பஸ் இருந்தது. அம்மா கேள்வி கேட்பாள், அழுவாள், திட்டுவாள். கேட்கட்டும். முதலில் போய் அவளிடம் நிற்க வேண்டும் என்று இருந்தது.

வாசலுக்குப் போனாள். போகாதே என்று சொல்வான் என்று நினைத்தாள். வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், சொல்ல மாட்டானா என்றுகூட நினைத்தாள். எப்போது வருவாய் என்றாவது கேட்பான். அவனுக்காகச் செருப்பை மெதுவாகத்தான் மாட்டினாள்.

"ஏய், ஆனந்தி."

திரும்பினாள்.

"நீ பாட்டுக்குப் போயிட்டா இந்த சர்வரை யாரு பாத்துக்குவா?"

"ஆர். ஆனந்தி பாத்துக்குவா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.